கல்லூரி டென்னிஸ், லிசா ரேமண்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 17 வயது. கோவையில் பிளஸ் டூ படிக்கிறாள். தேசிய ஜூனியர் போட்டிகளில் ஆடுகிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று விளையாட்டு உதவித்தொகை தருவதாகப் பேசிக்கொண்டிருக்கிறது. "கல்லூரிக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை" என்கிறார் அவளுடைய பயிற்சியாளர். இரட்டையர் ஆட்டத்தையும் விட்டுவிடச் சொல்கிறார். ஒற்றையருக்கான நேரத்தை அது தின்றுவிடுமாம். அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை லிசா ரேமண்ட் கல்லூரியிலிருந்து வந்தவர் என்று நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? பதினெட்டு வயதுக்குள் நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

பயிற்சியாளர் சொல்வதில் பாதி சரி. கல்லூரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்துக்கு வருவதில்லை. ஆனால் கல்லூரிக்குப் போகாமல் 18 வயதில் நேரே இறங்குகிறவர்களிலும் பெரும்பாலோர் கரையேறுவதில்லை. இரண்டாவது கூட்டம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். இரட்டையர் விஷயத்தில் அவர் சொல்வது தவறு. ரேமண்டின் கதையே அதற்குப் பதில்.

அவர் பென்சில்வேனியா மாநிலம் நோரிஸ்டவுனில் 1973-ல் பிறந்தவர். ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியில் இரண்டே ஆண்டுகள் ஆடினார். 1992, 1993 இரண்டிலும் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) ஒற்றையர் பட்டம் அவருக்கே. 1992-ல் அவருடைய அணி தேசியப் பட்டத்தையும் வென்றது. 1993-ல் படிப்பை முடிக்காமலே தொழில்முறைக்கு வந்துவிட்டார். கவனியுங்கள், கல்லூரியில் ஜெயிக்க இனி பெரிதாக எதுவும் பாக்கியில்லை என்ற நிலையில் கிளம்பியிருக்கிறார். நான்கு வருடம் முடித்தே தீர வேண்டும் என்றும் இருக்கவில்லை, ஆறு மாதத்தில் அவசரப்பட்டு ஓடவும் இல்லை.

அதன் பிறகு வந்தவை: பெண்கள் இரட்டையரில் ஆறு கிராண்ட்ஸ்லாம், கலப்பு இரட்டையரில் ஐந்து, சுற்றுப் போட்டிகளில் மொத்தம் 79 இரட்டையர் பட்டங்கள். உலக முதலிடத்தை 2000 ஜூனில் முதன்முதலாகப் பிடித்து, விட்டும் பிடித்தும் 137 வாரம் அங்கே இருந்தார். ஆஸ்திரேலியாவின் ரெனே ஸ்டப்ஸுடன் சேர்ந்து 2000 ஆஸ்திரேலிய ஓப்பன், 2001 விம்பிள்டன், அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன். சமந்தா ஸ்டோசருடன் 2005 அமெரிக்க ஓப்பனும் 2006 பிரெஞ்சு ஓப்பனும். கடைசியாக 2011 அமெரிக்க ஓப்பன், லீசெல் ஹ்யூபருடன். அந்த இறுதியாட்டத்தில் முதல் செட்டை 4-6 என்று இழந்து, அடுத்த இரண்டையும் டைபிரேக்கரில் எடுத்தார்கள். அப்போது ரேமண்டுக்கு வயது 38. அதே போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றவர் அவருடைய பழைய ஜோடி ஸ்டோசர்! இரட்டையர் ஆடினால் ஒற்றையர் கெட்டுப்போகும் என்று உங்கள் பயிற்சியாளர் மறுபடி சொன்னால், இந்தப் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு பெயரும் இதில் உண்டு. 1999 விம்பிள்டன் கலப்பு இரட்டையரை ரேமண்ட் வென்றது லியாண்டர் பயஸுடன். பியோர்க்மன், குர்னிகோவா ஜோடியை 6-4, 3-6, 6-3 என்று வென்றார்கள். பயஸ் சென்னையில், அமிர்தராஜ் அகாடமியில் வளர்ந்த ஆட்டக்காரர். 2012-ல் அதே மைதானத்தில், அதே கலப்பு இரட்டையர் இறுதியில் பயஸ் எதிர்ப்பக்கம். மைக் பிரையனுடன் ஆடிய ரேமண்டுக்கே பட்டம். அடுத்த மாதம் லண்டன் ஒலிம்பிக்கிலும் பிரையனுடன் வெண்கலம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு "அப்படியானால் இரட்டையர் மட்டும் போதுமே" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ரேமண்ட் ஒற்றையரில் 1997-ல் உலகின் 15-வது இடம் வரை போனவர். நான்கு ஒற்றையர் பட்டங்கள் உண்டு. 2000 விம்பிள்டனில் கால் இறுதி, 2004 ஆஸ்திரேலிய ஓப்பனில் வீனஸ் வில்லியம்ஸை வீழ்த்திக் கால் இறுதி. ஒற்றையரில் தோற்று ஒதுங்கியவர் அல்ல, பல வருடம் இரண்டையும் சேர்த்தே ஆடியவர். கீழ்மட்டத்தில் இப்படி இரண்டையும் ஆடுவது வயிற்றுப்பாட்டுக் கணக்கு. ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்தும் பெண்கள் போட்டிகளில் கீழ்ப்படியான டபிள்யூ15-ல் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதில் இரட்டையருக்கு ஒதுக்குவது சிறு பங்கு, அதையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். பட்டமே வென்றாலும் விமானக் கட்டணத்துக்குக் காணாது. இரட்டையரில் பிழைப்பு நடப்பது பெரிய போட்டிகளில் நுழைந்த பிறகுதான். அதுவரை ஒற்றையர் தரவரிசை இல்லாமல் முடியாது. போதாததற்கு, பல போட்டிகளில் இரட்டையரில் பெயர் கொடுக்கும்போது ஒற்றையர் தரவரிசையையும் காட்டி இடம் வாங்கலாம்.

கல்லூரி இங்கேதான் உதவுகிறது. அணிகள் மோதும்போது ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர். ஒற்றையர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மூன்று இரட்டையரும் சேர்ந்து ஒரே புள்ளிதான், இரண்டை வென்ற அணிக்கு அது போகும். ஏழில் நான்கு எடுத்தால் வெற்றி. இரட்டையர்தான் முதலில், ஆறு கேம் கொண்ட ஒரே செட், டியூஸில் (40-40) அட்வான்டேஜ் கிடையாது, அடுத்த புள்ளியிலேயே கேம் முடிந்துவிடும். பத்து நிமிடம் தூங்கினால் செட் போய்விடும். அந்த ஒரு புள்ளிக்காகப் பயிற்சியாளர்கள் நிறைய நேரம் இரட்டையர் ஆடவைப்பார்கள். நம் ஊர் ஜூனியர்களுக்கு இது கிடைப்பதே இல்லை. இங்கே இரட்டையர் என்றால் மாலையில் ஒற்றையர் முடிந்தபின் களைத்துப்போய் ஆடுவது.

என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். கோர்ட்டின் அகலம் 27 அடியிலிருந்து 36 அடியாகிறது, இரு பக்கமும் நாலரை அடி கூடுதல். ஆனால் ஒருவர் காக்க வேண்டியது பாதிதான். ஆகவே ஓட்டத்தின் பங்கு குறைந்து, கையின் பங்கு கூடுகிறது. ஒற்றையரில் நடுக்குறிக்கு ஒட்டி நின்று சர்வ் போடுகிறவள், இதில் நடுக்குறிக்கும் பக்கக் கோட்டுக்கும் ஏறக்குறைய பாதி தூரத்தில் நிற்பாள். ரிட்டர்ன் உயரக்கூடாது. வலை நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை அடி. குறுக்கே, நடுவலைக்கு மேலே தாழ்வாகப் போட்டு, சர்வ் போட்டு ஏறி வருகிறவளின் காலடியில் விழச் செய்ய வேண்டும். ஒற்றையரில் பாராட்டு வாங்கும் உயரமான டாப்ஸ்பின் ரிட்டர்ன், இங்கே வலையில் நிற்பவளுக்கு அல்வா.

எல்லோரும் சொதப்பும் இடம் ஒன்று உண்டு: வலையில் நிற்பவள் குறுக்கே பாய்ந்து பந்தை வெட்டுவது. எதிராளி ரிட்டர்ன் அடிக்க ராக்கெட்டை முன்னால் கொண்டுவரத் தொடங்கும் கணத்தில்தான் கிளம்ப வேண்டும். அந்தக் கணத்தில் அவள் கண் பந்தில் இருக்கும், அடியை மாற்ற நேரம் இருக்காது. அரை நொடி முந்திப் போனால் காலி செய்த பக்கத்தில் கோட்டை ஒட்டி அடித்துவிடுவாள். பிந்தினால் பந்து தாண்டிவிடும். இரண்டாவது தவறு, வலைக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓடுவது. சாய்வாக முன்னேறி, வலையை நெருங்கியபடி பந்தைச் சந்திக்க வேண்டும். அப்போதுதான் அது வலைக்கு மேல் உயரத்தில் கிடைக்கும், கீழ்நோக்கி அடிக்க முடியும். பாதி வழியில் மனம் மாறி நின்றுவிடுவது இரண்டையும்விட மோசம். சர்வ் போட்டவள் காலியான பக்கத்துக்கு ஏற்கெனவே கிளம்பியிருப்பாள், நடுக்கோர்ட் திறந்து கிடக்கும். முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டிச் சைகை செய்வது இதற்காகத்தான். காட்டிவிட்டால் போயே ஆக வேண்டும். இந்த நேரக்கணக்கு சொல்லிக்கொடுத்து வருவதல்ல. ஒரே ஜோடியுடன் ஆயிரக்கணக்கான முறை ஆடி வருவது. 38 வயதில் கால் மந்தப்பட்ட பிறகும் ரேமண்டை விட்டுப் போகாமல் இருந்தது இதுதான்.

இந்தத் தொழிலில் இடிகளும் உண்டு. உலக முதலிடத்தில் இருந்த ரேமண்டுக்கு 2000 சிட்னி ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. முறையிட்டுப் பார்த்தும் பலிக்கவில்லை.

இனி 18 வயதுக்குள் என்ன என்பது. பள்ளி முடிந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் சேர அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம் என்பது வெகுகாலமாக இருந்த விதி. அதற்குமேல் கல்லூரியில் சேராமல் போட்டிகளில் ஆடிக்கொண்டே இருந்தால், கல்லூரியில் ஆடும் ஆண்டுகள் குறைந்துவிடும். "ஒரு வருடம் ஐ.டி.எஃப். ஆடிப் பார்க்கலாம், சரிவரவில்லை என்றால் அமெரிக்கா" என்று இருந்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். பரிசுப்பணம் எவ்வளவு வாங்கலாம் என்ற விதியோ வழக்குகளால் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அமெரிக்கப் பயிற்சியாளர் தொலைபேசியில் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் அலுவலரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகைக் கடிதம் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். முழுத்தொகையா, பகுதியா? ஆண்டுக்காண்டு புதுப்பிப்பதா? காயம்பட்டால் தொடருமா? கோடை மாதங்களில் ஐ.டி.எஃப். போட்டிகளுக்கு அணிப் பயிற்சியாளர் கூட வருவாரா? அணியில் எத்தனையாவது இடத்தில் ஆடவைப்பதாக இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்தில் எட்டாவதாக உட்கார்ந்திருப்பதைவிட, நடுத்தர அணியில் இரண்டாவதாக ஆடுவது மேல்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். பரிசுப்பணம் உள்ள ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பக்கம்: பயணச்சீட்டு, அறை வாடகை, நுழைவுக் கட்டணம், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டிய செலவு, பயிற்சியாளருக்குக் கொடுத்தது. ரசீதை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். பரிசு செலவைத் தாண்டியதா என்று ஒருநாள் கேட்டாலும் கேட்பார்கள். அன்றைக்கு பெங்களூருவில் தங்கிய ஓட்டலின் பில்லைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.