தோமியேயின் ‘நீலக் காலுறைகள்’ ஏன் பெண்களைக் குறிவைத்தன?

அரசியல் கேலிச் சித்திரங்களால் ஒருமுறை சிறை சென்ற பிரெஞ்சு ஓவியர் ஒனொரே தோமியே, பெண்களைக் கேலி செய்யத் திரும்பியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதற்காரணம் தணிக்கை: 1835ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் அரசியல் கேலிச் சித்திரங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியதால், அவர் படம் வரைந்துவந்த ‘லெ ஷாரிவாரி’ இதழ் சமூக நையாண்டியை நாடியது.

அவ்விதழில் 1844இல் வெளிவந்த நாற்பது கல்லச்சுப் படங்களின் தொடரே ‘நீலக் காலுறைகள்’. எழுத்துத் துறையில் ஈடுபட்ட பெண்களை ஏளனமாகச் சுட்டிய பெயர் அது. ஒரு படத்தில் தாய் எழுத்தில் மூழ்கியிருக்க, அவளுக்குப் பின்னால் குழந்தை குளியல் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்து கிடக்கிறது. தாய் படைப்பின் நெருப்பில், பிள்ளை தொட்டித் தண்ணீரில் என்று அடிக்குறிப்பு சிலேடை பேசுகிறது. (அடிக்குறிப்புகளைப் பெரும்பாலும் இதழின் எழுத்தாளர்களே எழுதினார்கள், எனவே பழி முழுவதும் ஓவியருக்கு உரியதன்று.)

பிரான்சில் மன்னராட்சியை வீழ்த்திக் குடியரசை அமைத்த 1848 புரட்சி ஆண்களுக்கு மட்டுமே பொது வாக்குரிமை அளித்தது. 1816இல் ஒழிக்கப்பட்ட மணமுறிவு உரிமையைப் பெண்கள் மீண்டும் கோரியபோது, அவர்களையும், அடுத்த ஆண்டு சோசலிசப் பெண்களையும் தோமியே தனித்தனித் தொடர்களில் கேலி செய்தார். குடியரசை ஆதரித்த அதே கை, வீட்டுக்குள் ஆணின் ஆட்சி அசைவதைக் கண்டு மிரண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. மணமுறிவு உரிமை 1884இல்தான் திரும்பக் கிடைத்தது.