காணிக்கைப் பெட்டியில் போட்டால் கடன் தீருமா?

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது, கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 40,000 ரூபாய் வரை எடுத்தேன். பிறகு இரட்சிக்கப்பட்டேன். ஆண்டவரிடம் அறிக்கையிட்டு, அதே தொகையை ஊழியத்துக்குக் காணிக்கையாகவும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கடைப் பக்கம் போனாலே மனம் குத்துகிறது. 'பழையவைகள் ஒழிந்துபோயின' (2 கொரிந்தியர் 5:17) என்றிருக்க, இது பிசாசின் குற்றச்சாட்டுதானே?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: பிசாசின் மேல் ஏன் பழி போடுகிறீர்கள், சகோதரரே? திருடியதைத் திருப்பிக் கொடு என்று அவன் யாரையும் நச்சரித்ததாக வேதத்தில் இல்லை. 'நீ உருப்படமாட்டாய்' என்று பொதுவாக மிரட்டுவதுதான் அவன் வேலை. உங்களைக் குத்துவதோ கடையையும் தொகையையும் சரியாகக் காட்டுகிறது. பரிசுத்த ஆவியானவர் உணர்த்துவது இப்படித்தான் இருக்கும்.

மன்னிப்பு கிடைத்ததா? உண்மையாய் மனந்திரும்பியிருந்தால் கிடைத்தது. விபசாரமும் கொலையும் செய்த தாவீது ராஜாவுக்கும் 2 சாமுவேல் 12:13-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு மூன்று வசனம் முன்னால் தீர்க்கதரிசி நாத்தான் தண்டனையாகச் சொன்ன பட்டயம் (வாள்) அவன் வீட்டைவிட்டு விலகவில்லை. உங்கள் விஷயம் அவ்வளவு பெரியதல்ல. பணத்தைக் கொடுத்தால் தீரக்கூடியது. அதைக் கொடுக்காமல் இருப்பதுதான் சிக்கல்.

நீங்கள் காட்டும் வசனத்தை எழுதிய பவுலே, ஒநேசிமு என்ற அடிமை இரட்சிக்கப்பட்ட பிறகு அவனை எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பினார். 'பழையது ஒழிந்தது, விட்டுவிடுங்கள்' என்று எழுதவில்லை. அவன் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வையும், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தார். நம் பேச்சில் சொன்னால், புரோநோட்டு.

காணிக்கைக்கு வருவோம். அது உங்கள் பணமல்ல. முதலாளியின் பணத்தில் நீங்கள் தர்மம் செய்திருக்கிறீர்கள். எண்ணாகமம் 5:6-8-ல் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் அறிக்கை, அடுத்து முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடம் கொடுப்பது, வாங்கிக்கொள்ள இனத்தான் (உறவினன்) ஒருவனும் இல்லாவிட்டால்தான் அது கர்த்தருக்கு. நீங்கள் கடைசிப் படியில் ஆரம்பித்திருக்கிறீர்கள். கொடுத்த காணிக்கையைத் திரும்பக் கேட்காதீர்கள், அது வேறு வம்பு.

ஆக 40,000-உடன் 8,000; மொத்தம் 48,000. கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு யாத்திராகமம் 22:4 விதிப்பது இரட்டிப்பு; தானாக ஒப்புக்கொள்கிறவனுக்கு ஐந்தில் ஒன்று. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை யாரும் கேட்காமலே நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். இது மன்னிப்புக்கு விலையும் அல்ல, இன்று சபை உங்கள்மேல் சுமத்துகிற சட்டமும் அல்ல. ஆனால் உங்கள் முதலாளி பத்து வருஷம் அந்தப் பணமில்லாமல் வியாபாரம் செய்தார் என்பதை நினைத்தால் 8,000 அதிகமில்லை.

போகும் முன் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்; வீட்டுப் பணம் போகிறது, அவர் பிறகு வேறு வழியில் தெரிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது. பெயரில்லாத கவரில் அனுப்பாதீர்கள். அப்படிச் செய்தால் பணம் போய்ச் சேரும், அன்று சந்தேகப்பட்டு யாரையாவது வேலையைவிட்டு நிறுத்தியிருந்தால் அவர்மேல் உள்ள களங்கம் போகாது. முதலாளியைத் தனியாகப் பாருங்கள். 'எடுத்தேன், தவறு, இதோ' என்பது போதும். சம்பளம் குறைவாக இருந்தது, வீட்டில் கஷ்டம் என்று ஆரம்பித்தீர்களானால் அது அறிக்கையல்ல, வக்கீல் வாதம். அந்தச் சமயத்தில் சுவிசேஷக் கைப்பிரதி எதையும் நீட்டாதீர்கள், தயவுசெய்து. அவர் திட்டலாம், போலீசுக்கும் போகலாம்; அந்த உரிமை அவருக்கு உண்டு. பயமாக இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், அதில் பாவமில்லை. முதலாளி காலமாகியிருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 4,000 வீதம் ஒரு வருஷம். முதல் தவணையை இந்த மாதச் சம்பளத்திலேயே எடுத்துவையுங்கள், தசமபாகத்தை (சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை) பிரிப்பதற்கு முன்பாக. மத்தேயு 5:24-ல், முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும் வரை காணிக்கை பலிபீடத்தருகே காத்திருக்கிறது.