கேளுங்க சொல்றோம்: சியர்ஸ்னா சரக்கா, தேங்க்ஸா?

கேள்வி: என் பொண்ணு லண்டன்ல வேலை பாக்குறா. வீடியோ கால்ல பேசிட்டு இருக்கும்போது பார்சல் வந்துச்சு, கதவைத் திறந்து வாங்கிக்கிட்டு அந்தப் பையன்கிட்ட "சியர்ஸ்"னு சொன்னா. கையில இருந்தது காபி கப்புதான். தண்ணியடிக்கிறவங்க சொல்ற வார்த்தை இவ வாயில எப்படி வந்துச்சு?
– ஒரு அம்மா, திருச்சி

பதில்: பயப்படாதீங்கம்மா, உங்க பொண்ணு சொன்னது வெறும் தேங்க்ஸ்தான். பிரிட்டன்ல கடையில சில்லறை வாங்கும்போது, பின்னாடி வர்றவங்களுக்காக ஒருத்தர் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது, எல்லாத்துக்கும் சியர்ஸ்தான். பிரிஸ்டல் ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்குறப்போ டிரைவரைப் பாத்து "சியர்ஸ் டிரைவ்"னு சொல்லிட்டு இறங்குறது ஊர் வழக்கம், டிரைவர்ல இருக்கிற கடைசி 'ர்' கூட கிடையாது, அதான் அந்த ஊர் ஸ்டைல். லண்டன் பஸ்ல பெரும்பாலும் நடுக்கதவு வழியா இறங்கிடுவாங்க, அதனால டிரைவருக்கு இந்த மரியாதை அங்க கொஞ்சம் கம்மி.

இந்த வார்த்தை வந்த வழிதான் செம சுவாரஸ்யம். சியர்னா முதல்ல முகம்னு அர்த்தம், நம்பவே மாட்டீங்க. பழைய பிரெஞ்சுல இருந்து 13-ம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி லத்தீன்ல 'காரா', ஸ்பானிஷ்ல இன்னைக்கும் முகத்துக்கு அதே காராதான். லத்தீனுக்கு அது கிரேக்கத்துல தலைங்கிற அர்த்தத்துல இருந்த 'கரா'லருந்து வந்திருக்கணும்னு அகராதிக்காரங்க சொல்றாங்க. அது சரின்னா இன்னொரு கூத்து இருக்கு, அந்த கிரேக்க வார்த்தையும் சமஸ்கிருத 'சிரஸ்'ஸும் ஒரே வேர்ல இருந்து வந்ததுங்க, அப்போ நாம மேடையில "சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்"னு சொல்றோமே, அந்த சிரமும் உங்க பொண்ணு சொன்ன சியர்ஸும் தூரத்து சொந்தம்!

சரி, முகம் எப்படி தேங்க்ஸ் ஆச்சு? முகத்துல தெரியறது மனசுதானே, அதனால முகம்னு இருந்தது மனநிலைன்னு ஆச்சு. அப்பல்லாம் நல்ல சியரும் உண்டு கெட்ட சியரும் உண்டு, போகப்போக நல்லது மட்டும் தங்கிடுச்சு. 1611-ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல இயேசு சீஷர்கள்கிட்ட "நல்ல சியரோட இருங்க"ன்னு சொல்ற இடம் ஒண்ணு இருக்கு. நம்ம தமிழ் பைபிள்ல "திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்"னு வருதே அதேதான், சர்ச்சுக்குப் போறவங்களுக்கு உடனே ஞாபகம் வரும். வீட்டுக்கு வந்தவங்களை முகம் மலர்ந்து கூப்பிட்டா அடுத்து இலை போடணும்ல, அந்த வழியில சாப்பாட்டுக்கும் விருந்துக்கும் கூட சியர்னு பேர் வந்துச்சு. இன்னொரு பக்கம் 18-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல கப்பல்காரங்க உற்சாகமா கத்துறதுக்கும் அதே பேர், கிரிக்கெட் மேட்ச்ல ஆடுற சியர்லீடர் வரைக்கும் அந்தக் கிளைதான்.

கிளாஸைத் தூக்கி சியர்ஸ் சொல்றது ரொம்ப புதுசு, முதல் உலகப் போர் முடிஞ்ச சமயத்துலதான் எழுத்துல காணக் கிடைக்குது, தேங்க்ஸுக்குப் பதிலா சொல்றது அதுக்கும் அப்புறம், 1970-கள்ல. நடுவுல என்ன நடந்திருக்கும்னா, இது என் ஊகம்தான், அங்க பப்ல ஆளுக்கு ஒரு ரவுண்டு எல்லாருக்கும் சேர்த்து வாங்கிக் குடுக்கிற பழக்கம் உண்டு, வாங்கிக் குடுத்தவர் பக்கம் கிளாஸைத் தூக்கி சியர்ஸ் சொன்னா அது வாழ்த்தாவும் ஆச்சு தேங்க்ஸாவும் ஆச்சு. அப்புறம் கிளாஸ் இல்லாமலும் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

கேள்வி: சியர்ஸ் சொல்லி கிளாஸை இடிக்கிறது, ஒருத்தர் கிளாஸ்ல இருக்கிற விஷம் அடுத்தவர் கிளாஸ்ல தெறிக்கணும்னுதானாமே?
– வாசகர், மதுரை

பதில்: வாட்ஸ்ஆப்ல வருஷத்துக்கு நாலு தடவை சுத்துற கதை, ஆதாரம் ஒண்ணும் கிடையாது. அந்த அளவுக்குத் தெறிக்கணும்னா கிளாஸே உடைஞ்சிடும் சார். ஆனா இப்படிக் குடிச்சு வாழ்த்துறதுக்கு இங்கிலீஷ்ல 'டோஸ்ட்'னு பேர் வந்தது நிஜமாவே ரொட்டியாலதான். மசாலா தடவி வாட்டின ரொட்டித் துண்டை ஒயின்ல போட்டு ருசி ஏத்துவாங்க, அந்த மாதிரி ஒரு அழகியோட பேரைச் சொல்லிக் குடிச்சா ஒயினுக்கு ருசி கூடும்னு 17-ம் நூற்றாண்டு மைனர்கள் ஆரம்பிச்சது.

கேள்வி: திங்க், தேங்க் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, சம்பந்தம் உண்டா? வேற எப்படியெல்லாம் தேங்க்ஸ் சொல்றாங்க?
– காலேஜ் மாணவி, சேலம்

பதில்: உண்டு. பழைய இங்கிலீஷ்ல தேங்க்னா நினைப்பு, அப்புறம் நல்ல நினைப்பு, அப்புறம் நன்றி. ஜெர்மன்ல இப்பவும் டெங்கன்னா நினைக்கிறது, டாங்கன்னா நன்றி சொல்றது. பிரெஞ்சு 'மெர்சி' வேற ரூட், அதோட லத்தீன் வேருக்கு கூலின்னு அர்த்தம். போர்ச்சுகீஸ்ல 'ஒப்ரிகாடோ'ன்னா உங்களுக்குக் கடமைப்பட்டேன்னு சொல்றது. இங்கிலாந்துல சின்னதா 'டா'ன்னு ஒண்ணு உண்டு, 1772-லயே எழுத்துல இருக்கு, குழந்தைங்க மழலையில வந்தது. இப்போ வடக்குப் பக்கம் பெரியவங்களும் சொல்றாங்க. நம்ம ஊர் 'டா'ன்னு நினைச்சு சண்டைக்குப் போயிடாதீங்க.

கேள்வி: லண்டன் கிளையன்ட் மெயில் கடைசியில 'சியர்ஸ்'னு போடுறார். நானும் போடலாமா?
– ஐடி ஊழியர், சென்னை

பதில்: அவர் போட்டா நீங்களும் தாராளமா போடுங்க. முதல் மெயிலுக்கு, சம்பளம் பேசுற மெயிலுக்கு, துக்கம் விசாரிக்கிற மெயிலுக்கு வேண்டாம். பெருசா உதவி பண்ணியிருந்தா முழுசா தேங்க் யூன்னே எழுதுங்க, சியர்ஸ் சில்லறை உதவிக்குத்தான். அமெரிக்க கிளையன்ட்டா இருந்தா 'தேங்க்ஸ்' போதும், அங்க இது கொஞ்சம் லண்டன் பந்தா மாதிரி தெரியும்.