செர்வோவை மாற்றும் முன்: ஸ்னோமொபைல் பவர் வால்வு கேள்வி பதில்

கேபிள் வழியாகச் செர்வோ மோட்டார் இழுக்கும் பவர் வால்வு உள்ள டூ-ஸ்ட்ரோக் பனி வண்டிகளைப் பற்றிய கேள்விகள் இவை. ஆர்க்டிக் கேட்டின் ஏபிவி, யமஹா எஸ்ஆர்எக்ஸில் வந்த ஒய்பிவிஎஸ் இரண்டும் இந்த வகைதான்.

கேள்வி: வணக்கம் சார். வண்டி கிளம்பும்போது இழுவை நல்லா இருக்கு. ஆனா முழு த்ராட்டில் கொடுத்தாலும் 6800 ஆர்பிஎம்முக்கு மேல ஏறவே மாட்டேங்குது. போன வாரம் வரைக்கும் 8000 தாண்டும். செர்வோ போயிடுச்சா?

வால்வு திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம். செர்வோதான் காரணம் என்று இப்போதே சொல்ல முடியாது.

சிலிண்டரில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பைத் தாழ்த்தி உயர்த்துவதுதான் இந்த வால்வின் வேலை. குறைந்த வேகத்தில் வால்வு இறங்கி போர்ட்டைச் சிறிதாக்கும். அதனால் கீழ் இழுவை கிடைக்கும். வேகம் ஏறியதும் வால்வு பின்வாங்கும், போர்ட் முன்னதாகவே திறக்கும், மேல் சக்தி வரும். வால்வு மூடியே கிடந்தால் உங்கள் வண்டியைப் போலத்தான் ஓடும்: கிளம்புவது சுகம், மேலே போனால் சுவரில் முட்டினாற்போல் நிற்கும். திறந்தே கிடந்தால் நேர்மாறு. கிளட்ச் பிடிக்கும் இடத்தில் சோம்பி இழுக்கும், பிறகு திடீரென்று விழித்துக்கொள்ளும்.

கிளட்ச் வெயிட் அதிகமானாலும் ஆர்பிஎம் குறையும். ஆனால் வெயிட், ஸ்பிரிங், பெல்ட் எதையும் தொடாதபோது ஒரே வாரத்தில் 1000 ஆர்பிஎம்முக்கு மேல் காணாமல் போகிறது என்றால் முதலில் வால்வைப் பாருங்கள். அதைப் பார்ப்பது எளிது, கிளட்சைக் கழற்றுவது அதைவிடப் பெரிய வேலை.

கேள்வி: எங்கே ஆரம்பிக்கணும் அண்ணா? மல்டிமீட்டர் இருக்கு, ஸ்கேனர் இல்லை.

மீட்டரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், முதல் சோதனைக்குக் கண் போதும். பக்கத்து மூடியைக் கழற்றி, செர்வோவின் கப்பி தெரியும்படி வையுங்கள். கேபிள்கள் வந்து மாட்டும் வட்டத் துண்டுதான் கப்பி. இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். பெரும்பாலான மாடல்களில் செர்வோவுக்குக் கட்டளை தரும் மின்னணு கன்ட்ரோல் பெட்டி ஸ்டார்ட் ஆனதும் வால்வை ஒருமுறை முழுக்கத் திறந்து மூடிப் பார்க்கும். பாட்டரி உள்ள சில வண்டிகளில் சாவி போட்டவுடனேயே இது நடக்கும். கப்பி என்ன செய்கிறது என்பதுதான் பாதித் தீர்ப்பு.

கப்பி ஒரு எல்லை வரை போய் இயல்பாகத் திரும்பினால் செர்வோ, வயர், பெட்டி மூன்றும் அந்த நேரத்தில் சரியாக இருக்கின்றன. கோளாறு கப்பிக்கு அப்பால் கேபிளிலோ வால்விலோ இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் நல்ல செர்வோவைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள்.

கொஞ்சம் நகர்ந்து, முக்கி, நின்றுவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். கேபிள் முனைகளைக் கப்பியிலிருந்து கழற்றி ஓரமாகக் கட்டி வைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சுமை இல்லாமல் கப்பி முழுக்கச் சுழன்றால் மோட்டார் பெரும்பாலும் நல்லது, இழுக்க வேண்டிய பொருள்தான் இறுகிக் கிடக்கிறது. சுமை இல்லாமலும் பாதியில் நின்றால் உள்ளே பல்சக்கரமோ நிலைகாட்டும் பொட்டென்ஷியோமீட்டரோ பழுது.

துளியும் அசையவில்லை என்றால் ஃபியூஸ், கனெக்டர், மின்சாரம், மோட்டார், பெட்டி என்ற வரிசையில் போங்கள். பெட்டி கடைசி. ஒன்று கவனியுங்கள்: வால்வு சொன்ன இடத்துக்கு வரவில்லை என்று தெரிந்தால் சில பெட்டிகள் சில முயற்சிக்குப் பிறகு செர்வோவுக்கு மின்சாரத்தையே நிறுத்திவிடும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் எஞ்சினை முழுதாக நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

கையும் தளர்ந்த சட்டையும் பெல்ட், கிளட்ச் பக்கம் போகக் கூடாது. கப்பி அசைவதைப் பார்க்கவென்று பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை முறுக்காதீர்கள். சுமையில்லாமல் ஆர்பிஎம் எகிறும்.

கேள்வி: கேபிளைக் கழற்றினதும் செர்வோ நல்லா சுத்துது. வால்வு எவ்வளவு இறுக்கமா இருக்கலாம்? கையால இழுத்தா வருது, ஆனா கஷ்டப்பட்டு.

ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மட்டும் விரலுக்குத் தெரிய வேண்டும். விட்டவுடன் டக்கென்று தானாக மூட வேண்டும். பாதியில் நின்று தள்ளினால்தான் போகிறது என்றால் கரி. எல்லா சிலிண்டரையும் மாறி மாறி இழுத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

வால்வை வெளியே எடுத்தால், அது சிலிண்டருக்குள் நுழையும் பள்ளத்தின் ஓரத்தில் தார் மாதிரி ஒரு கறுப்புப் படலம் இருக்கும். எஞ்சின் சூட்டில் இளகி, ஆறியதும் கோந்தாக இறுகும் சரக்கு அது. சூடாக இருக்கும்போது சரியாக ஓடி, ஆறியதும் தகராறு செய்யும் வண்டிகள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

எடுப்பதற்கு முன் எந்த சிலிண்டர், எது மேல்பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரின் வால்வு இன்னொன்றுக்குப் போகக் கூடாது, தலைகீழாகவும் போகக் கூடாது. பிஸ்டனை மேலே கொண்டுவந்து அதன் பக்கச்சுவர் எக்ஸாஸ்ட் போர்ட்டை மூடும்படி நிறுத்தினால், சுரண்டும் கரி உள்ளே விழாது. வால்வைக் கரைப்பானில் ஊறவைத்து நைலான் அல்லது பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம். விளிம்பு தேய்ந்தால் இடைவெளி கூடும், அந்த இடைவெளியில் இன்னும் சீக்கிரம் கரி சேரும். சிலிண்டரில் உள்ள பள்ளத்தையும் மறக்காமல் துடையுங்கள். வால்வு பளபளவென்று இருந்தும் மாட்டியதும் இறுகுகிறது என்றால் அங்கேதான் மிச்சம் இருக்கும். கேஸ்கட் புதிது போடுங்கள். மூடியின் போல்ட்கள் சிறியவை, அலுமினியத்தில் ஏறுபவை, கொஞ்சம் அதிகம் முறுக்கினால் மரை போய்விடும்.

ஒரு சீசனுக்குள் மறுபடி இதே அளவு கரி என்றால் ஆயில் பம்பின் குறிகள் நேராக இருக்கின்றனவா பாருங்கள். ஆயில் அதிகமாகப் போகிறது அல்லது ஆயிலின் தரம் சரியில்லை.

கேள்வி: ஸ்கி-டூ ரேவ் வால்வுக்கும் இதே சோதனையா?

இல்லை. பழைய வகை ரேவிலும் போலாரிஸின் விஇஎஸ்ஸிலும் வால்வைத் தள்ளுவது எக்ஸாஸ்ட் அழுத்தம். கேபிள் இழுக்கும் செர்வோவே கிடையாது. கரி இரண்டுக்கும் பொது எதிரி, மற்றபடி உதரவிதான ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஸ்பிரிங் சரியா, சொலினாய்டு (மின்காந்தத்தால் திறந்து மூடும் சிறு வால்வு) உள்ள மாடலில் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: செர்வோவுக்கு நேரடியா 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், இரண்டு நிபந்தனை உண்டு. முதலில் கேபிள்கள் கழன்றிருக்க வேண்டும். அடுத்து, தொடும் நேரம் ஒரு வினாடிக்குள் இருக்க வேண்டும். பெட்டி இயக்கும்போது எல்லை வந்ததும் அதுவே நிறுத்தும். நீங்கள் பாட்டரியை நேரடியாகத் தொட்டால் நிறுத்த ஆளில்லை. மோட்டார் எல்லையில் முட்டிக்கொண்டே தள்ளும், உள்ளே பல் உடையும் அல்லது சுருள் கருகும். நல்ல செர்வோவைச் சோதனையிலேயே கொல்வது இப்படித்தான்.

செர்வோவிலிருந்து வழக்கமாக ஐந்து வயர் வரும். மோட்டாருக்கு இரண்டு, பொட்டென்ஷியோமீட்டருக்கு மூன்று. வண்டியின் வயர் வரைபடத்தைப் பார்க்காமல் பாட்டரியைத் தொடாதீர்கள். 5 வோல்ட்டில் இயங்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கு 12 வோல்ட் போனால் கதை முடிந்தது. மோட்டார் வயர் இரண்டிலும் சின்ன ஃபியூஸ் வைத்த கம்பியால் தொடுங்கள். ஒரு பக்கம் சுழலும், முனைகளை மாற்றினால் எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் போக வேண்டும். சுழலவே இல்லை, மீட்டரில் மோட்டார் வயர்களுக்கு இடையே முடிவிலி காட்டுகிறது என்றால் பிரஷ் அல்லது சுருள் அறுந்துவிட்டது. அப்போது செர்வோவை மாற்றத் தயங்க வேண்டாம்.

கேள்வி: மோட்டார் சுழலுது சார், ஆனா ஓடும்போது கிர்ர் கிர்ர்னு முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருக்கு.

பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்த அறிகுறி. கப்பி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் கரகரப்பது போல, அடிக்கடி நின்ற ஒரே இடத்தில் உள்பூச்சு தேய்ந்து சிக்னல் குதிக்கும். பெட்டி அதைத் துரத்திக்கொண்டு மோட்டாரை ஆட்டும்.

கனெக்டரைப் பிரித்து, மூன்று வயரில் ஓரத்து இரண்டுக்கும் இடையே மொத்த ஓம் பாருங்கள். சில ஆயிரம் ஓம் இருக்கும், சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உண்டு. பிறகு ஓரம் ஒன்றுக்கும் சிக்னல் வயருக்கும் இடையே மீட்டரை வைத்து, கப்பியை மிக மெதுவாக நகர்த்துங்கள். கையால் பல்சக்கரத்தை வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம், மோட்டார் வயரைத் தொட்டுத் தொட்டு நகர்த்துங்கள். அளவு சீராக ஏற வேண்டும். இதற்கு முள் மீட்டரே நல்லது. டிஜிட்டல் மீட்டர் ஒரு கணக் குதிப்பை விழுங்கிவிடும். மூடிய நிலை, நடு நிலை, திறந்த நிலை என்று மூன்றில் நிற்கும் வண்டிகளில் நடு நிலைக்குப் பக்கத்தில் கவனமாகப் பாருங்கள்.

கேள்வி: என் வண்டியில பாட்டரியே இல்லை. அப்போ செர்வோவுக்கு கரண்ட் எங்கிருந்து?

எஞ்சினிலேயே மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரிலிருந்து, வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் வழியாக. ஸ்டேட்டரோ ரெகுலேட்டரோ சோர்ந்தால் செர்வோவும் சோரும். எஞ்சின் ஓடும்போது டிசி பக்கம் 12 வோல்ட்டுக்குக் கீழே தங்கினால் செர்வோவைத் திட்டிப் பயனில்லை. ஹேண்டில் சூடேற்றியை அணைத்ததும் வால்வு ஒழுங்காக இயங்குகிறது என்றால் மின்சாரம் பற்றவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: மைனஸ் 25-ல காலையில வால்வு வேலை செய்யாது. ஒரு மணி நேரம் ஓடினா சரியாயிடும். சூடான கொட்டகையில வச்சுப் பார்த்தா கோளாறே இல்லை.

கேபிள் உறைக்குள் தண்ணீர் போய் உறைகிறது. கேபிள் தாழ்ந்து வளையும் இடம்தான் தண்ணீர் தேங்கும் இடம். கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். குளிரில் இறுகாத மெல்லிய கேபிள் எண்ணெய் விடுங்கள், கிரீஸ் வேண்டாம். அந்தக் குளிரில் கிரீஸே பசை. முனையில் உள்ள ரப்பர் மூடி வெடித்திருந்தால் மாற்றாமல் மறுபடி மாட்டாதீர்கள். கேபிளின் ஒரு இழை அறுந்து உறைக்குள் சுருண்டிருந்தாலும் இதே அறிகுறி வரும், அதற்கு எண்ணெய் மருந்தில்லை.

கேள்வி: ஒரு சிலிண்டர் பிளக் மட்டும் கறுப்பா வருது, ஆர்பிஎம்மும் கொஞ்சம் கம்மி.

கேபிள் நீளத்தை அளந்து பாருங்கள். ஒரு கேபிள் நீண்டு தளர்ந்தால் அந்த வால்வு முழுக்கத் திறக்காது. ஆர்பிஎம் அதிகம் குறையாததால் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை. உறையின் முனையிலிருந்து கேபிள் முனை வரை எல்லாம் ஒரே அளவாக, புத்தகம் சொல்லும் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: புது செர்வோ போட்டும் வால்வு பாதிதான் திறக்குது.

பழைய செர்வோ நின்ற கோணத்தில் புதியது நிற்காது. கேபிளை மாட்டாமல் முதலில் கனெக்டரை மட்டும் மாட்டி, ஸ்டார்ட் செய்து, பெட்டி அதை மூடிய நிலைக்குக் கொண்டுவர விடுங்கள். எஞ்சினை நிறுத்திய பின் கப்பிக் குறியை செர்வோ உடலிலுள்ள குறிக்கு நேராக வைத்து, அப்புறம் கேபிளை மாட்டுங்கள், அதன் பிறகு கேபிள் நீளத்தைச் சரிபாருங்கள்.

கேள்வி: செர்வோ, வயர் எல்லாம் சரி. பெட்டிதான் பழுதுன்னு எப்படி உறுதி பண்றது?

வண்டிப் பக்கத்துக் கனெக்டரின் இரண்டு மோட்டார் முனைகளுக்கும் குறுக்கே 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பொட்டென்ஷியோமீட்டர் வயர்கள் மாட்டியே இருக்க வேண்டும். பல்பு ஒரு கணம் எரிந்தால் பெட்டி கட்டளை கொடுக்கிறது. எரியவே இல்லை, பெட்டிக்கு 12 வோல்ட்டும் எர்த்தும் போகிறது, பொட்டென்ஷியோமீட்டருக்கு 5 வோல்ட்டும் வருகிறது என்றால் அப்போது பெட்டியைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் கனெக்டரின் ஒவ்வொரு முனையையும் பின்னாலிருந்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். பூட்டு விட்டுப் பின்வாங்கிய முனை ஒன்று போதும், புதுப் பெட்டி வாங்க வைத்துவிடும்.

கேள்வி: வால்வை கம்பியால கட்டித் திறந்தே வச்சுட்டா என்ன அண்ணே?

கீழ் இழுவை போகும், ஆழப் பனியில் கிளம்பவே திணறும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் (எரிபொருளை ஊசி வழியாகத் தெளிக்கும்) வண்டிகளில் பெட்டி கொடுக்கும் எரிபொருள் கணக்கும் வால்வின் உண்மை நிலையும் ஒத்துப்போகாது. வேண்டாம்.

கேள்வி: பாதி வழியில வால்வு மாட்டிக்கிட்டா வண்டியை ஓட்டிட்டு வரலாமா?

மூடிய நிலையில் மாட்டியிருந்தால் வரலாம். அரை த்ராட்டிலைத் தாண்டாதீர்கள். மூடிய வால்வோடு முழு த்ராட்டிலில் இழுத்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி பிஸ்டனுக்கு ஆபத்து. ஒரு சிலிண்டர் மட்டும் மாட்டியிருந்தால் அதிர்வு அதிகம் தெரியும், அப்போது வேகத்தை இன்னும் குறையுங்கள். கிளம்பும் முன் எஞ்சினை ஒருமுறை நிறுத்தி ஸ்டார்ட் செய்து பாருங்கள். பெட்டி கைவிட்டதாக இருந்தால் அதுவே சில நேரம் எழுப்பிவிடும். ஏதோ உரசும் சத்தம், உலோகம் தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் ஓட்டாதீர்கள். வால்வுத் தகடு உடைந்து பிஸ்டன் பக்கம் வந்திருக்கலாம், இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வாருங்கள்.