மலாவியில் தன்னார்வ ஆசிரியராக: கேள்வி பதில்

திருச்சி ஆசிரியை: ஜனவரியில் ஆப்பிரிக்காவுக்கு, தெற்கு மலாவியில் ஒரு கிராம மேல்நிலைப் பள்ளிக்குக் கணிதம் எடுக்கப் போகிறேன். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

வேலை அனுமதியை, அம்மா. சுற்றுலா விசாவில் போய் இறங்கி வகுப்பெடுக்கக் கூடாது. உங்களை அழைக்கும் அமைப்புதான் தற்காலிக வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

வகுப்பில் எண்பது பேர் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பாடப்புத்தகம் பலருக்கு ஒன்றுதான் இருக்கும். கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பாதி வகுப்பு நேரம் போய்விடும். வெள்ளைப் பிளாஸ்டிக் அரிசிச் சாக்கை வெட்டி விரித்துக் கழுவிக் காயவைத்து, அழியாத மார்க்கரில் முதல்நாளே வரைபடங்களையும் மாதிரிக் கணக்குகளையும் எழுதிவையுங்கள். நனைந்தாலும் கிழியாது, அடுத்த வருடத்துக்கும் ஆகும். காகிதச் சார்ட் மழைக்காலத்தில் ஒரு வாரம் தாங்காது.

மேல்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான நான்காம் படிவ முடிவில் எம்.எஸ்.சி.இ. என்ற பள்ளியிறுதிப் பொதுத்தேர்வு. அதை நடத்தும் மனேப் தேர்வு வாரியத்தின் பழைய வினாத்தாள்களைத் தேடி வாங்குங்கள், பாடத்திட்டத்தைவிட அவைதான் வழிகாட்டும். அங்கே பாடத்துக்கு 1 என்றால் உச்சம், 9 என்றால் தோல்வி. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

துணியை இஸ்திரி போடாமல் உடுத்தாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

மதுரை: மலேரியா மாத்திரை எது நல்லது?

அதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் தினம் 100 மி.கி. புறப்படுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். வெயிலில் தோலும் சட்டென்று சிவக்கும். அடோவகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் 7 நாள் போதும். குளோரோகுவின் அங்கே உதவாது. எந்த மாத்திரை போட்டாலும் மருந்து தோய்த்த கொசுவலை வேண்டும், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

கோவை: நமக்குத்தான் கொசுக்கடி பழக்கமாச்சே, மாத்திரை அவசியமா?

அவசியம். கோவைக் கொசுக்கடி மலேரியாவிலிருந்து பாதுகாப்பைத் தராது.

யாழ்ப்பாணம்: இஸ்திரி ஏன் என்று சொல்லவில்லையே?

புட்சி ஈ. வெளியே காயப்போட்ட ஈரத்துணியில் முட்டையிடும். உடுத்தியதும் புழு தோலுக்குள் புகுந்து, நடுவில் கரும்புள்ளியோடு கொப்புளமாகும். உள்ளாடை, இடுப்புப்பட்டை, தையல் மடிப்பு, துண்டு, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் இருபுறமும் சூடாகத் தேய்த்தால் முட்டை செத்துவிடும். கொப்புளம் வந்துவிட்டால் மேலே வாசலின் தடவி மூடுங்கள். மூச்சுமுட்டிப் புழு மேலே வரும், அப்போது இருபுறமும் மெல்ல அழுத்தி எடுக்கலாம். முன்கூட்டியே பிதுக்கினால் உள்ளேயே நசுங்கிச் சீழ்பிடிக்கும். கிராமத்தில் கரிப்பெட்டிதான் கிடைக்கும். கரியை வீட்டுக்கு வெளியே பற்றவையுங்கள், மூடிய அறையில் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

ஈரோடு: சைவம். சமாளிக்க முடியுமா?

தாராளமாக. தெற்கில் துவரை ஏராளமாக விளைகிறது, நன்டோலோ என்று கேளுங்கள். உடைக்காத முழுப் பருப்பு, இரவே ஊறவைக்க வேண்டும். குக்கரும் உபரியாக ஒரு கேஸ்கட்டும் எடுத்துப் போங்கள். புளிக்கு ப்வெம்பா, முருங்கைக்குச் சம்வம்பா. மசாலாவுக்கு பிளான்டயரை ஒட்டிய லிம்பேயில் இந்தியக் கடைகள் உண்டு.

சேலம்: அங்கே சாப்பிடும் ந்சிமா நம்ம களிதானே?

தோற்றத்தில் களி, கிண்டும் முறை வேறு. 4 கப் தண்ணீருக்குச் சுமார் 2 கப் வெள்ளை மக்காச்சோள மாவு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொஞ்சம் மாவைக் கலக்கிக் கொதிக்கவிட்டு, கஞ்சியானதும் மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு மீதி மாவைக் கைகையாகத் தூவி, மரத்துடுப்பால் பானைச் சுவரோடு அழுத்தித் திருப்புங்கள். உப்பு கிடையாது.

தர்மபுரி: கொதிக்கிற தண்ணியில் மாவைக் குவித்து, நடுவில் துளைபோட்டு வேகவிட்டுக் கிண்டுவதுதான் களி. கஞ்சி காய்ச்சுவதெல்லாம் வீண் வேலை.

ராகிக்குச் சரி. தவிடு நீக்கி ஊறவைத்து அரைத்த உஃபா வோயேரா மாவை அப்படிக் குவித்தால், உருண்டையின் மேல்புறம் மட்டும் வெந்து பசையாகி, உள்ளே பச்சை மாவு அடைபட்டுக் கிடக்கும்.

கிருஷ்ணகிரி: எங்கள் வீட்டில் ராகிக்கே கொஞ்சம் மாவைக் கரைத்துக் கஞ்சி வைத்துத்தான் களி கிண்டுவோம். தர்மபுரிக்காரர் சொல்வது ஒன்றுதான் முறை என்றில்லை.

தர்மபுரி: அது கூழ், களி இல்லை!

இந்த வழக்கை நீங்கள் இருவரும் ஒகேனக்கல்லில் வைத்துக்கொள்ளுங்கள். மலாவியில் கிருஷ்ணகிரி முறைதான் செல்லும். முழுத் தானியத்தை அரைத்த ம்கைவா மாவு இருந்தால் மட்டும் தர்மபுரிக்குக் கொஞ்சம் வாய்ப்புண்டு.

நெல்லை: எண்பது பேரைப் பிரம்பில்லாமல் எப்படி அடக்குவது?

பிரம்பை மறந்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் உடல்தண்டனையை மலாவி அரசியலமைப்பின் 19ஆம் பிரிவே தடுக்கிறது. எட்டுக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தலைவரை வையுங்கள். நோட்டு திருத்துவதும் தினம் ஒரு குழு.

டொராண்டோ: போட்ஸ்வானா விசா பற்றி?

எனக்குத் தெரிந்தது மலாவி. அவர்கள் தூதரகத்தில் கேளுங்கள்.

வேலூர்: மலாவி ஏரியில் குளிக்கலாமா?

நாணலும் நத்தையும் உள்ள ஆழமில்லாத கரைகளில், தண்ணீரிலிருந்து தோல்வழி புகும் புழுவால் வரும் பில்ஹார்சியா நோய் உண்டு, பெயர்பெற்ற கேப் மக்ளியரிலும் உண்டு. இறங்கிவிட்டால் அதற்கான பிராசிகுவான்டல் மாத்திரையை அன்றே விழுங்கிப் பயனில்லை, இளம்புழுவை அது கொல்லாது. 6 முதல் 8 வாரம் கழித்துப் பரிசோதித்துக்கொண்டு மருந்து எடுங்கள்.

மதுரை: ஊருக்குத் திரும்பியதும் டாக்ஸிசைக்ளினை நிறுத்திவிடலாமா?

4 வாரம். மேலே எழுதியிருக்கிறேன்.