ஒரு முழத்துக்குள் நாட்டியம்: ஒகுஸ்த் பார் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

போன வாரம் நான் ஒரு வெண்கலச் சிலையின் படத்தைப் போட்டேன். 1838-இல் பாரிஸில் செய்தது, பெயர் "நாட்டியக்காரி அமனி". செய்தவர் ழான் ஒகுஸ்த் பார் (1811–1896). கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்துப் பெண் பாரிஸ் சிற்பியிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். நான் கும்பகோணம் பக்கம் வார்ப்புப் பட்டறையில் முப்பது வருஷம் மெழுகு பிடித்தவன், புத்தகப் புலவன் அல்ல. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, முதலில் இந்தப் பார் யார்? பாலே வகுப்பில் பிடித்துக்கொண்டு ஆடுகிற கம்பிக்கும் அதே பெயர்தானே?

எழுத்து ஒன்றுதான், சம்பந்தம் இல்லை. குடும்பமே உலோகக் குடும்பம். அப்பா ழான் ழாக் பார் பாரிஸ் நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநர், 1849-இல் வந்த பிரான்ஸின் முதல் தபால்தலை அவர் கைவேலை. தம்பி ஆல்பர்ட் அப்பாவுக்குப் பின் அதே பதவிக்கு வந்தார், கிரேக்க நாட்டின் முதல் தபால்தலையும் அவர் செதுக்கியது. நம் ஆளும் முதலில் பதக்கம் செய்தவர்தான். காசளவு வட்டத்துக்குள் ஒரு ஆளின் சாயலைக் கொண்டுவருகிற கை அது, பெரிய சிலை செய்து வளர்ந்த கை இல்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பெரிய சிலையைச் சுருக்கிச் சின்னது செய்பவனுக்கும், சின்னதாகவே நினைத்துச் செய்பவனுக்கும் வித்தியாசம் விரலில் தெரிந்துவிடும்.

கேள்வி: நாட்டியக்காரிகளை மட்டும்தான் செய்தாரா?

இல்லை. ஓர்லெயான் இளவரசி மாரியைச் செய்தார் (அந்த அம்மாவே நல்ல சிற்பி), நடிகை ராஷேலைத் தந்தத்தில் செதுக்கினார், பின்னாளில் மூன்றாம் நெப்போலியனுக்கும் அரசி யூஜினிக்கும் மார்பளவுச் சிலை செய்தார். ஆனால் இன்றைக்கு அவர் பெயர் நிற்பது நாட்டியக்காரிகளால்தான். 1837-இல் மாரி தாலியோனி, அதே வருஷம் ஃபானி எல்ஸ்லர், 1838-இல் நம்ம அமனி, 1861-இல் எம்மா லிவ்ரி.

கேள்வி: பிரபலங்களைச் சின்னச் சிலையாகச் செய்து விற்பது அப்போது வழக்கமா சார்? யார் வாங்கினார்கள்?

நடுத்தர வசதிக்காரர்கள். லூயி பிலிப் மன்னர் காலம், பணம் வியாபாரிகள் கைக்கு வந்திருந்தது. வீட்டில் கணப்புக்கு மேல் ஒரு பலகை இருக்கும், அதில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைக்க ஒரு முழத்துக்குள் அடங்குகிற பொம்மை வேண்டும், அவ்வளவுதான். நம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் செட்டியார் பொம்மை வைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஊரில் தாந்தான் என்று இன்னொருவர் பிரபலங்களைக் கேலிச் சிலையாகச் செய்துகொண்டிருந்தார், பியானோக்காரர் லிஸ்டுக்குக் கணக்கில்லாமல் விரல் வைத்துவிட்டார் மனுஷன். பார் கேலி செய்யவில்லை. ஆனால் வாங்கிய கூட்டம் ஒன்றுதான்.

கேள்வி: தாலியோனி, எல்ஸ்லர் இரண்டும் ஒரே வருஷத்துச் சிலை என்கிறீர்கள். எது உசத்தி?

சண்டை மூட்டுகிற கேள்வி! பாரிஸே இந்த விஷயத்தில் இரண்டு கட்சியாக இருந்தது. தாலியோனி 1832-இல் "லா சில்ஃபீட்" பாலேவில் காற்றுத் தேவதையாக வந்தவள், கால் விரல் நுனியில் நின்று எடையே இல்லாதவள் போல ஆடுவாள். எல்ஸ்லர் வியன்னாக்காரி, 1836-இல் கச்சூச்சா என்ற ஸ்பானிய ஆட்டத்தைக் கையில் சிப்ளா மாதிரி தட்டுகிற கட்டைகளோடு ஆடி ஊரைக் கிறங்கடித்தவள். விமர்சகர் தியோஃபில் கோத்தியே தாலியோனியைக் கிறிஸ்தவ நாட்டியக்காரி என்றும் எல்ஸ்லரைப் புறச்சமய நாட்டியக்காரி என்றும் பிரித்து எழுதினார், அந்தப் பேச்சு இன்றுவரை ஓடுகிறது.

பட்டறைக்காரனாக என் ஓட்டு எல்ஸ்லருக்கு. பறப்பவளை வெண்கலத்தில் செய்வது கிட்டத்தட்டப் பொய் சொல்வது மாதிரி, உலோகம் கீழேதான் இழுக்கும். எல்ஸ்லர் இடுப்பை முறுக்கி எடையை ஒரு பக்கம் சாய்த்து ஆடுகிறவள், அது வெண்கலத்துக்கே பிடித்த வேலை. பாவாடையின் சரிகைப் பின்னலை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார் பாருங்கள், பதக்கக்காரனின் கை அங்கே தெரியும். தாலியோனி சிலை அழகு, ஆனால் மெல்லிய வலைத்துணியை உலோகத்தில் காட்ட முயலும்போது அது கொஞ்சம் மணி கவிழ்த்தது போலத்தான் ஆகிறது. கோபப்படாதீர்கள்.

கேள்வி: ஒற்றைக் கால் விரலில் மொத்த எடையும் எப்படி நிற்கிறது? பளிங்கில் செய்ய முடியாதா?

பளிங்கில் அந்தக் கணுக்கால் ஒரு நாள் தாங்காது, பக்கத்தில் மரக்கட்டை மாதிரி ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம் எங்கே பறப்பது? வெண்கலம் இழுவை தாங்கும், அதனால்தான் நாட்டியத்துக்கும் வெண்கலத்துக்கும் பொருத்தம். நம் நடராஜரும் முயலகன் மேல் ஒரு காலில்தானே நிற்கிறார்.

செய்முறை வேறு. நாம் தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் பிடித்து, மேலே வண்டல் மண் பூசிக் கரு என்கிற மண் அச்சைக் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கிறோம். அந்தக் கரு உடைந்தால் போச்சு, ஒரு கருவுக்கு ஒரு சிலைதான். அந்தக் காலப் பிரான்ஸில் பெரும்பாலும் மணல் வார்ப்பு: கைகால்களைத் தனித்தனியாக வார்த்துப் பூட்டி, அரம் போட்டு இணைப்பை மறைத்து, ரசாயனம் தடவி நிறம் ஏற்றுவார்கள். அதனால் ஒரே மாதிரியிலிருந்து பல பிரதி எடுக்கலாம், சந்தைக்கு ஏற்ற முறை.

கேள்வி: ஐயா, நான் கடலூர்க்காரன். அமனி உண்மையிலேயே எங்கள் பக்கத்துப் பெண்ணா?

ஆமாம். தார்திவெல் என்ற பிரெஞ்சு வியாபாரி புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதி, திருவந்திபுரம் பெருமாள் கோயிலைச் சேர்ந்த ஐந்து நாட்டியக்காரிகளையும் மூன்று வாத்தியக்காரர்களையும் 1838-இல் கப்பலேற்றினார். பிரெஞ்சுப் பத்திரிகைகள் பெயர்களைக் கடித்துத் துப்பியிருக்கின்றன, ஆனாலும் நம் காதுக்குப் பிடிபடும்: தில்லை அம்மாள், ரங்கம், சுந்தரம், ஆறே வயதுக் குழந்தை வேதம். அமனி என்பது அம்மணி என்றுதான் நான் படிக்கிறேன். அவளுக்கு அப்போது 18 வயது. ஆகஸ்ட் மாதம் பாரிஸ் வரியேத்தே அரங்கில் ஆடினார்கள், அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி அரங்கு.

பாரிஸ்காரர்களுக்கு "பாயதேர்" (இந்தியக் கோயில் நாட்டியக்காரிக்கு அவர்கள் வைத்த பெயர்) என்றால் ஏற்கெனவே ஒரு கற்பனை இருந்தது. 1830-லேயே தாலியோனி ஓர் ஓப்பராவில் இந்தியத் தாசியாக வேஷம் கட்டி ஆடியிருந்தாள். 1837-இல் அவள் ரஷ்யாவுக்குப் போய்விட்டாள், மறு வருஷம் நிஜ ஆட்கள் வந்து இறங்கினார்கள்! சிலருக்கு ஏமாற்றம், சிலருக்கு மயக்கம். கோத்தியேவுக்கு இரண்டாவது. அம்மணியின் தோல் நிறம் ஃபிளாரன்ஸ் வெண்கலம் போல, பச்சையும் பொன்னும் கலந்தது என்று எழுதினார். அதே வருஷம் அவளை ஒருவர் வெண்கலத்திலேயே வார்த்தும் விட்டார்.

கேள்வி: நான் பரதம் படிக்கிறேன். அந்தச் சிலையை வைத்து அன்றைய அடவு எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா சார்?

வேண்டாம்மா. காலகட்டம் ஆசை காட்டுவது நிஜம்தான், தஞ்சை நால்வர் என்ற நட்டுவனார் சகோதரர்கள் பரதக் கச்சேரி வரிசையை ஒழுங்கு செய்த அதே தலைமுறை இது. ஆனால் அடவு என்பது கால், கை, கண், சொற்கட்டு எல்லாம் சேர்ந்து ஓடுவது, சிலைக்குத் தாளம் கிடையாது. அதோடு சிற்பி தன் வசதிக்குக் கையை இரண்டு விரல் உயர்த்தச் சொல்வான், நானே சொல்லியிருக்கிறேன். பாலே பார்த்துப் பழகிய கண் அது.

சிலையில் நம்பத்தகுந்தது ஆள். நம் கோயில் சிலைகள் தாலமானம் என்கிற உடல் அளவுக் கணக்குப்படி, ஓலை நறுக்கை மடித்து அளவெடுத்துச் செய்வது, அதில் முகம் சாமியுடையது, யாரோ ஒருத்தியுடையது அல்ல. எத்தனையோ தலைமுறை தேவரடியார்கள் ஆடிய நாட்டில், பெயரும் வருஷமும் போட்டு ஒருத்தியை இவள்தான் என்று செய்த சிலையைத் தேடினால் கைக்கு வருவது பாரிஸில் செய்த இதுதான். பெருமையா வருத்தமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: எம்மா லிவ்ரி யார்? அவ்வளவாகக் கேள்விப்பட்டதில்லை.

தாலியோனி வயதான பிறகு தன் வாரிசாக வளர்த்த பெண். 1860-இல் தாலியோனியே அவளுக்காக "பட்டாம்பூச்சி" என்று ஒரு பாலே அமைத்தாள், இசை ஒஃபன்பாக். அதற்கு அடுத்த வருஷம் பார் அவளைச் சிலை செய்தார். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது மேடை வாயு விளக்கில் பாவாடை பற்றிக்கொண்டது. தீப்பிடிக்காத மருந்தில் நனைத்த துணி அப்போதே உண்டு, துணி விறைத்து மங்கிவிடும் என்று அவள் மறுத்திருந்தாள். எட்டு மாதம் கிடந்து 1863 ஜூலையில் இறந்தாள், 20 வயதுதான்.

கேள்வி: ஏலத்தில் "பார்" கையெழுத்தோடு ஒரு எல்ஸ்லர் பார்த்தேன். அசலா என்று எப்படித் தெரியும்?

கையெழுத்தை நம்பாதீர்கள், அதையும் சேர்த்தே அச்செடுத்துவிடுவார்கள். அளவெடுங்கள். வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும், ஆகவே சிலையிலிருந்து அச்செடுத்த சிலை கொஞ்சம் குள்ளமாக இருக்கும். அருங்காட்சியகப் பிரதியின் உயரத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சரிகைப் பின்னலைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், உளி பட்ட கூர்மை இல்லாமல் சோப்பு கரைந்த மாதிரி இருந்தால் கை கழுவிவிடலாம்.

கேள்வி: அண்ணா, மகள் அரங்கேற்றத்துக்கு இப்படி ஒரு சிலை செய்ய ஆசை. போட்டோ போதுமா?

போட்டோ போதாது. அவள் ஆடுவதை இரண்டு மூன்று பக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள், சிற்பியை ஒரு நாள் வகுப்புக்கே கூட்டிப்போய் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. உச்ச நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். அந்த நிலைக்குள் போவதற்கு அரை நொடி முன்னால், எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் இடம் ஒன்று இருக்கும், அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். சலங்கையை மெழுகிலேயே மணி மணியாக வைக்க வேண்டும். வார்த்த பிறகு செதுக்கிக்கொள்ளலாம் என்று நான் ஒரு தடவை விட்டு, அரம் போட்டுப் போட்டுக் கணுக்கால் குச்சியாகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து மெழுகு பிடித்தேன்.