கற்பனைகளை (தேவனுடைய கட்டளைகளை) கைக்கொள்வதில் மகிழ்ச்சி உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஞாயிறு ஆராதனை, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை), குடும்ப ஜெபம் என எதையும் நான் விட்டதில்லை. ஆனால் எல்லாம் கடமையாகவே நடக்கின்றன. மனதில் மகிழ்ச்சி இல்லை. இது மாய்மாலம் (வெளிவேஷம்) ஆகிவிடுமா?

மாய்மாலக்காரர் இப்படிக் கேட்டுக் கவலைப்படுவதில்லை, சகோதரரே. எனினும் உங்கள் கேள்வியை இலேசாக விட்டுவிட முடியாது. லூக்கா 15-ஆம் அதிகாரத்தில், தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிவந்து, தகப்பனால் விருந்தோடு வரவேற்கப்பட்ட இளைய மகனைப் பற்றியே நாம் அதிகம் பிரசங்கிக்கிறோம். உங்கள் நிலைமைக்கு மூத்தவனைத்தான் கவனிக்க வேண்டும். அவன் வயலிலிருந்து திரும்பி வருகிறான், வீட்டில் கீதவாத்தியத்தைக் கேட்கிறான், உள்ளே போக மனமில்லாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறான். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" என்று தொடங்கி, தனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்று முடிக்கிறான். அவனுடைய கீழ்ப்படிதலில் அவன் தகப்பனே குறை காணவில்லை. ஆனால் கூலி பாக்கி இருக்கும் வேலைக்காரனைப்போல் அவன் பேசுகிறான். தகப்பனோ அவனை "மகனே" என்று அழைத்து, "நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார்.

மகிழ்ச்சி வறண்டுபோவதற்கு முதற்காரணம், பெரும்பாலும், நாம் செய்யும் காரியம் அல்ல. யாருடைய வீட்டில் எந்த உரிமையோடு அதைச் செய்கிறோம் என்பதை மறந்துவிடுவதே. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் முதல் கற்பனைக்கு முன்பாக வருவது, அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினேன் என்ற அறிவிப்பு. மீட்பு முதலில் வந்தது, கற்பனை அதன் பிறகே வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கைக்கொண்டால்தான் ஏற்றுக்கொள்ளப்படுவேன் என்று உள்ளூர எண்ணத் தொடங்கும் எவருக்கும், ஜெபம்கூட வருகைப்பதிவேட்டில் போடும் கையெழுத்தாக மாறிவிடும். ஆகவே நீங்கள் செய்துவருவதை நிறுத்த வேண்டாம். ஜெபத்தைத் தொடங்கும்போது, பெறவேண்டியதைக் கேட்பதற்கு முன், ஏற்கெனவே பெற்றிருப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். கற்பனைகளைப் பார்த்தால் "செய்யாதே, செய்யாதே" என்றுதான் இருக்கிறது. சுதந்திரத்தைப் பறிப்பதில் ஒருவன் எப்படிச் சந்தோஷப்படுவான்?

தம்பி, பட்டியலை மொத்தமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒரே ஒரு கட்டளையை அருகில் வைத்துப் பாருங்கள். யாத்திராகமம் 22:26-27, ஏழை ஒருவனுடைய வஸ்திரத்தை ஈடாக வாங்கினால் பொழுதுபோகுமுன்னே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது: அவனுக்குப் போர்வை அது ஒன்றுதான், வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான்? உபாகமம் 24:6 மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்குவதைத் தடுக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் அந்த வீட்டில் அடுத்த வேளைச் சாப்பாடு நின்றுபோகும். உபாகமம் 22:8, புது வீடு கட்டுகிறவன் மாடியிலிருந்து ஒருவரும் விழாதபடி கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்கிறது.

இவற்றில் "செய்யாதே" என்பது யாரைக் காக்கிறது? கடன் வாங்கியவனையும் அவன் பிள்ளைகளையும் காக்கிறது. நகையை அடகு வைத்துவிட்டு வட்டி கட்டத் தவிக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வசனங்களை விளக்கவே தேவையில்லை. சட்டம் போட்டவர் இரவுக் குளிரில் நடுங்குகிற ஒரு மனிதனை நினைத்துப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தபின், அந்தச் சட்டத்தின்மேல் பிரியம் வருவது ஆச்சரியமல்ல. சங்கீதக்காரன் வேதத்தைத் தேனிலும் மதுரம் என்று சொன்னபோது, விதிகளைத் தந்தவருடைய மனதை அவற்றில் ருசித்தே சொன்னான் என்பது என் கருத்து. உங்கள் சுதந்திரத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், மற்றவனுடைய போர்வை கண்ணில் படாது.

கேள்வி: பாகப்பிரிவினையில் என் அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டார். மன்னிக்க வேண்டும் என்பது கர்த்தருடைய கட்டளை என்று தெரியும். ஆனால் அதைச் சந்தோஷமாகச் செய் என்று போதகர் சொல்லும்போது எரிச்சல்தான் வருகிறது.

அம்மா, உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. கீழ்ப்படிகிறவர் எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்ற போதனை வேதத்தில் இல்லை. சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் இயேசு வியாகுலப்பட்டார். இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, நீங்கட்டும் என்று கேட்டார். அதன்பின் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். அந்த இரவில் மகிழ்ச்சி எங்கே இருந்தது என்றால், எபிரெயர் 12:2 பதில் சொல்கிறது: தமக்குமுன் வைத்திருந்த சந்தோஷத்தினிமித்தம் அவர் சிலுவையைச் சகித்தார். சந்தோஷம் முன்னால் இருந்தது, கையிலோ வேதனைதான் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே உள்ளத்தில் இருக்கக்கூடும்.

எனவே மன்னிப்பதற்கு மனம் இனிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வலியோடு மன்னிப்பதும் கீழ்ப்படிதலே. இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். மன்னிப்பது என்பது பத்திரத்தில் உள்ள தவறைச் சரிசெய்யக் கேட்கக்கூடாது என்று ஆகாது. பழிவாங்கும் எண்ணத்தைக் கர்த்தரிடம் ஒப்படைப்பது வேறு, நியாயத்தை விட்டுக்கொடுப்பது வேறு. இரண்டையும் குழப்பி, பாதிக்கப்பட்ட பெண்களின் வாயை அடைப்பதற்கு மன்னிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் நம் சபைகளில் இல்லாமல் இல்லை.

கேள்வி: நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம். பிறகு கற்பனைகள் எதற்கு?

ரோமர் 6:15-இல் அப்போஸ்தலனாகிய பவுலே, கிருபையின் கீழ் இருப்பதால் பாவஞ்செய்யலாமா என்று இதே போன்ற கேள்வியை எழுப்பி, "கூடாதே" என்று முடித்துவிட்டார். கிருபை கற்பனையை அழிப்பதில்லை, அதைச் செய்யும் விருப்பத்தைக் கொடுக்கிறது. எசேக்கியேல் 36:26-27 கல்லான இருதயத்தை எடுத்து நவமான (புதிய) இருதயத்தையும் ஆவியையும் தந்து, கட்டளைகளில் நடக்கப் பண்ணுவேன் என்கிறது. பிலிப்பியர் 2:13 விருப்பத்தையும் செய்கையையும் தேவனே உண்டாக்குகிறார் என்கிறது.

கேள்வி: ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். வேதத்தில் பிரியமாயிருக்கிறேன் என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டா?

ரோமர் 7:22-இல் உள்ளான மனுஷனுக்கேற்றபடி நியாயப்பிரமாணத்தின்மேல் (தேவனுடைய சட்டத்தின்மேல்) பிரியமாயிருக்கிறேன் என்று எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே தம் அவயவங்களில் உள்ள போராட்டத்தை எழுதுகிறார். இது போராட்டத்தில் நிற்கிறவர்களுக்கான வசனம். விழுந்த இடத்திலேயே குடியேறிவிட்டவர்களுக்குச் சாக்குப்போக்கு அல்ல. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது நீங்களே அறிவீர்கள். தனிமையில் மறைத்து வைத்துப் போராடுகிறவர்கள் விரைவில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இந்தப் பிரியம் வளர எங்கிருந்து தொடங்கலாம்?

119-ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்குங்கள். அதன் 176 வசனங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். எபிரெய எழுத்துகளின் வரிசைப்படி, பகுதிக்கு 8 வசனங்களாக 22 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதி போதும். வாசித்தபின் அதிலிருந்து ஒரு வரியை உங்கள் ஜெபமாக்குங்கள். 36-ஆம் வசனம், "என் இருதயம் பொருளாசையைச் சாராமல், உமது சாட்சிகளைச் சாரும்படி செய்யும்" என்று கேட்கிறது. சாட்சிகள் என்று இங்கே சொல்லப்படுவது அவருடைய கட்டளைகளையே. வேதத்தை அவ்வளவு நேசித்தவனும் அந்த நேசத்தைக் கேட்டே பெற்றான். சம்பளம் வரும் நாளில் அந்த வசனத்தை ஜெபிப்பது நல்லது.